கொல்லைக் குடிலுக்குக் கடைக்கால்

வீட்டுக்குக் கடைக்கால் போடுவது எடையைத் தாங்க. சுவர், தளம், தண்ணீர்த் தொட்டி, குடியிருப்போர் என எல்லாப் பாரத்தையும் வாங்கி மண்ணுக்குள் இறக்குவதே அதன் வேலை. கொல்லையில் அமைக்கும் பசுமைக்குடிலின் கடைக்காலுக்கோ பெரும்பாலும் நேர்மாறான வேலை. பத்தடி அகலம், இருபதடி நீளத்தில் ஜிஐ குழாய்களை நிறுத்தி, 200 மைக்ரான் பாலித்தீன் விரிப்பைப் போர்த்திய ஒரு குடிலின் மொத்த எடை ஏறத்தாழ 200 கிலோதான். அதில் விரிப்பின் பங்கு பத்துப் பன்னிரண்டு கிலோ. இவ்வளவு எடைக்கு எந்த மண்ணும் அமிழ்ந்துவிடாது. ஆனால் அந்தக் குடில் காற்றுக்குக் காட்டும் பரப்பு மிகப் பெரியது. பலத்த காற்றில் அது மேலே எழும்பப் பார்க்கும். ஒரு பக்கமாக நகரப் பார்க்கும். ஒரு வரிசைக் கால்களை ஊன்றிக்கொண்டு மறுபக்கம் கவிழப் பார்க்கும். குடிலைத் தரையோடு இறுக்கிப் பிடித்திருப்பதுதான் இங்கே கடைக்காலின் முதல் கடமை. வீடு கட்டிப் பழகிய கொத்தனாரிடம் இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், இவ்வளவு லேசான சட்டத்துக்கு ஓரடிக் குழியே தாராளம் என்று அவர் நினைப்பது இயல்பு.

காற்று எவ்வளவு இழுக்கும்?

காற்று வளைந்த கூரையின் மேலேறிக் கடக்கும்போது அதன் வேகம் கூடுகிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. குடிலுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் குறையாமல் அப்படியே இருப்பதால் கூரை வெளிப்பக்கமாக உந்தப்படுகிறது. காற்றடிக்கும் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று வெளியிலிருந்து இழுக்கும். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும்.

இதன் அளவைத் தோராயமாகக் கணக்கிட்டுவிடலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 என்ற விதித்தொகுப்பின் மூன்றாம் பகுதி, கட்டுமானங்களை வடிவமைக்க ஊர்வாரியாக அடிப்படைக் காற்று வேகத்தைத் தருகிறது. சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, கோவைக்கும் மதுரைக்கும் 39. மணிக் கணக்கில் சொன்னால் சென்னைக்கு 180 கிலோமீட்டர், கோவைக்கு 140 கிலோமீட்டர். 39 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 93 கிலோ அழுத்தம் தரும். 50 மீட்டர் வேகக் காற்று 153 கிலோ தரும். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால்தான் இந்த இரண்டுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு.

பத்துக்கு இருபது குடிலின் தரைப்பரப்பு 200 சதுர அடி, அதாவது 18.6 சதுர மீட்டர். மேற்சொன்ன அழுத்தத்தில் பாதி மட்டுமே கூரையை மேல்நோக்கி இழுப்பதாக வைத்துக்கொண்டாலும் கோவையில் சுமார் 865 கிலோ, சென்னையில் சுமார் 1,420 கிலோ விசை குடிலைத் தூக்கும். குடிலின் சொந்த எடையான 200 கிலோவைக் கழித்துவிட்டு மீதி முழுவதையும் கடைக்கால்தான் பிடித்தாக வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளும் மதிற்சுவரும் மரங்களும் காற்றைக் கொஞ்சம் தடுக்கும். வயலை ஒட்டிய திறந்த கொல்லையில் அந்தச் சலுகை கிடையாது.

ஒவ்வோர் ஊருக்கும் காற்றுக்கென்று ஒரு காலமும் திசையும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் மேல்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வட்டாரங்களை விடாமல் வீசியடிக்கும். செங்கோட்டைக் கணவாய்க் காற்று தென்காசிக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தல் காற்றாலைகளுக்கும் வருவது இதே பருவத்தில்தான். கீழ்க்கரையோரத்தில் அச்சம் வேறு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரை கடந்த தானே புயல், 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா, 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா என்று எல்லாமே வடகிழக்குப் பருவத்தில் வந்தவை. ஓங்கி வளர்ந்த தென்னைகளையே சாய்த்த காற்று அது. அத்தகைய புயலை முழுதாகத் தாங்கும்படி கொல்லைக் குடிலைக் கட்டுவது செலவுக்குக் கட்டுப்படியாகாது. புயல் எச்சரிக்கை வந்ததும் விரிப்பைக் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தை மட்டும் நிறுத்தி வைப்பதே அங்கே அறிவார்ந்த வழி. சட்டத்தையும் அதன் கால்களையும் காப்பாற்றிவிட்டால் விரிப்பை மறுநாள் மாட்டிக்கொள்ளலாம்.

நிழல்வலைக் குடிலில் காற்றின் ஒரு பகுதி வலைக்கண்கள் வழியே கடந்துபோகும். ஆகவே இழுவை குறைவு. ஆனால் அடர்த்தியான வலை, மழையில் நனைந்து ஈரம் சுமந்திருக்கும் நேரத்தில், பாலித்தீனுக்கு அவ்வளவு சளைத்ததல்ல. வலைக்குடில்தானே என்று கால்களை வெறும் மண்ணில் நட்டுவிட்டுப் போவது சரியல்ல.

மண்ணைப் பார்த்து

குடிலுக்கான இடம் என்று முடிவானதும், செங்கல் மணலுக்குச் சொல்வதற்கு முன் அங்கே மூன்றடி ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலைதான். மேல்மண் எவ்வளவு, அடியில் சரளையா பாறையா களியா, நீர் ஊறுகிறதா, பழைய கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கிய இடமா என்பதெல்லாம் அந்தக் குழியிலேயே தெரிந்துவிடும். கொட்டிய மண்ணில் கடைக்கால் போடவே கூடாது. இயற்கையான கெட்டி மண் வரும்வரை குழி கீழே போக வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்கு மேலும் அதன் குழாய்ப் பாதையிலும் குழி விழாமல் பார்த்துக்கொள்வது அவசியம். தென்னை மட்டையும் நெற்றும் விழும் எல்லைக்குள் குடில் வரக் கூடாது. மதிற்சுவருக்கும் குடிலுக்கும் இடையே ஓர் ஆள் நடந்துபோய் வேலை செய்ய மூன்றடியாவது விட வேண்டும்.

செம்மண் இந்த வேலைக்கு மிக நல்லது. குழியின் பக்கங்கள் சரியாமல் செங்குத்தாக நிற்கும். கடப்பாறை போட்ட சொரசொரப்பான பக்கங்களை கான்கிரீட் நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஓரடியிலேயே பாறை தட்டினால் அதை உடைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பாறையில் துளையிட்டு, 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியைச் செருகி, சிமெண்ட் பாலோடு கெட்டிக் கலவை ஊற்றிப் பிணைத்து, அதன் மேல் கான்கிரீட் போட்டால் பாறையே நங்கூரமாகிவிடும்.

கரையோர மணலில் குழி தோண்டத் தோண்டப் பக்கம் சரியும். மணலை முதலில் தண்ணீர் விட்டு நனைத்துக்கொண்டு தோண்டுவதும், சிறிய சிமெண்ட் உறையையோ அடி நீக்கிய தகரப் பீப்பாயையோ குழிக்குள் இறக்கி அதற்குள் கான்கிரீட் போடுவதும் நடைமுறைக்கு உகந்த வழிகள். மணல் கான்கிரீட்டின் பக்கங்களை அவ்வளவாகப் பற்றாது. அதனால் இங்கே எடையையும் அகலத்தையுமே நம்ப வேண்டும்.

காவிரிப் படுகை போன்ற தாழ்ந்த வண்டல் நிலத்தில் பலர் எண்ணிப் பார்க்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. அடைமழையில் நிலத்தடி நீர் குழியின் மேல்மட்டம் வரை ஏறிவிட்டால் கான்கிரீட் நீரில் மூழ்கியதாகிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை 2,400 கிலோ. நீரின் மிதப்பு விசை அதில் 1,000 கிலோவைத் தாங்கிக்கொள்ளும். குடிலைப் பிடித்திருக்கும் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்ததற்கு இது சமம். அதுவும் புயலும் மழையும் சேர்ந்து வரும் அதே நாளில். ஆகவே நீர் தேங்கும் ஊர்களில் கணக்கில் வரும் கான்கிரீட்டைப் போல ஒன்றே முக்கால் மடங்கு போடுவதுதான் நியாயம்.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் கேட்பது கரிசல். கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கமும் கோவையின் சில பகுதிகளிலும் உள்ள இந்த மண், நீரை உறிஞ்சிப் பருக்கும். காய்ந்தால் சுருங்கி ஆழமாக வெடிக்கும். பருக்கும் மண் ஆழமில்லாத கடைக்காலை மேலே தள்ளிவிடும்; சுருங்கும்போது அதன் அடியில் வெற்றிடம் விடும். வீடுகளுக்காக ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடிப்பகுதியில் குமிழ் போலப் பருத்த கான்கிரீட் தூண்களை உருவாக்கியது இந்த மண்ணைச் சமாளிக்கத்தான். பருவத்துக்குப் பருவம் அசையும் மேல்மண்ணைக் கடந்து, அசையாத ஆழத்தில் அந்தக் குமிழ் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

பசுமைக்குடில் விஷயத்தில் கரிசல் இன்னொரு வகையிலும் தொல்லை தரும். குடிலுக்குள் ஆண்டு முழுவதும் தண்ணீர் பாய்கிறது. வெளியே கோடையில் தரை வெடித்துக் கிடக்கிறது. ஒரே காலின் உட்பக்க மண் பருத்தும் வெளிப்பக்க மண் சுருங்கியும் இருந்தால் கால் சாயத் தொடங்கும். இதற்குச் செய்யக்கூடியவை மூன்று. குழியை வெடிப்புகள் முடியும் ஆழத்துக்கும் கீழே கொண்டுபோவது முதலாவது. கான்கிரீட்டைச் சுற்றி அரையடி அகலத்துக்குக் கரிசலை நீக்கிவிட்டுக் கிராவல் மண் நிரப்பித் திமிசால் இடிப்பது அடுத்தது; பருக்கும் மண் கான்கிரீட்டை நேரடியாகப் பற்றித் தூக்க இதனால் முடியாமல் போகும். மூன்றாவது, குடிலுக்குள் கால்களை ஒட்டி இரண்டடிக்குப் பாத்தி போடாமல் விட்டு, சொட்டுநீர்க் குழாயையும் அங்கிருந்து தள்ளியே வைப்பது.

குழிக் கடைக்கால்

பாலித்தீன், நிழல்வலை ஆகிய இரண்டு வகைக் குடில்களுக்கும் ஒவ்வொரு காலுக்கும் தனிக் குழி என்ற முறையே போதும். இருபதடி நீளத்துக்குப் பக்கத்துக்கு நான்கு வீதம் எட்டுக் கால்கள் வரும். கதவுச் சட்டத்துக்கு இரண்டு சிறிய குழிகள் கூடுதலாக வேண்டும்.

ஓரடி விட்டம், இரண்டரை அடி ஆழமுள்ள வட்டக் குழியில் சுமார் 130 கிலோ கான்கிரீட் பிடிக்கும். எட்டுக் குழிக்கும் சேர்த்து ஒரு டன்னுக்குச் சற்று அதிகம். கோவை, மதுரை போன்ற உள்மாவட்ட ஊர்களின் கணக்குக்கு இது சரியாக வரும். மண்துளைக் கருவி கிடைக்காமல் கடப்பாறையால் தோண்டினால் வட்டக் குழி எடுப்பது கடினம். ஒன்றேகால் அடிச் சதுரமாக அதே ஆழத்துக்குத் தோண்டினால் குழிக்கு 265 கிலோ வரும். எட்டுக்கும் இரண்டு டன்னைத் தாண்டும். கரையோர ஊர்களுக்கு இந்த அளவுக்குக் குறைவாக எடுக்கக் கூடாது. மூலைக் குழிகள் இரு திசைக் காற்றையும் வாங்குவதால் அவற்றை மட்டும் இன்னும் அரையடி ஆழமாக்குவது நல்லது.

குழியை ஆழமாக்காமலே பிடிமானத்தைக் கூட்ட ஓர் எளிய வழி, குழியின் கடைசி முக்காலடியைப் பக்கவாட்டில் குடைந்து அகலமாக்குவது. மேலே ஓரடி, கீழே ஒன்றரை அடி என்று குழி அமைந்தால், கான்கிரீட்டின் அகன்ற பாதத்தின் மேல் கிட்டத்தட்ட 80 கிலோ கெட்டி மண் உட்கார்ந்திருக்கும். காற்று அந்தக் காலைப் பிடுங்க வேண்டுமானால் அந்த மண்ணையும் சேர்த்துத் தூக்கியாக வேண்டும். எதிர்த் தவறையும் சொல்லிவிட வேண்டும். மேலே அகன்று கீழே குறுகிய குழிதான் தோண்ட எளிதானது. கூலியாட்கள் பெரும்பாலும் அப்படித்தான் எடுப்பார்கள். அந்த வடிவம் ஆப்பைப் போல மண்ணிலிருந்து லகுவாகக் கழன்று வரும். குழியின் பக்கங்கள் செங்குத்தாக இருக்கின்றனவா என்று இறங்கிப் பார்த்த பிறகுதான் கலவை போட அனுமதிக்க வேண்டும்.

நூல் பிடித்தல்

குழி தோண்டுவதற்கு முன் மூலைகளைச் சரியாகக் குறிக்க வேண்டும். மூலை மட்டம் சிறிதாக இருப்பதால் இருபதடி நீளத்தில் அதன் சிறு பிழை பெரிதாகிவிடும். நூலில் ஒரு பக்கம் மூன்றடியும் மறுபக்கம் நான்கடியும் அளந்து, குறுக்கே சரியாக ஐந்தடி வந்தால் மூலை செங்கோணம் என்பது கொத்தனார்கள் அறிந்த கணக்கு. ஆறு, எட்டு, பத்து என்று பெரிதாக்கிக்கொண்டால் இன்னும் துல்லியம். நான்கு மூலையும் குறித்த பின் இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். பத்துக்கு இருபது குடிலில் இரண்டும் 22 அடி 4⅜ அங்குலம் வர வேண்டும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் குடில் கோணலாகும்; வளைவுக் குழாய்கள் பொருந்தாது, விரிப்பில் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்த இடம் காற்றில் அடித்து அடித்துக் கிழியும். விரிப்பு ஓராண்டில் கிழிந்துபோவதற்குக் காரணம் தேடினால் பல நேரம் அது கடைக்கால் போட்ட நாளில்தான் இருக்கும்.

முளைகளைக் குழி வரும் இடத்திலேயே அடித்தால் தோண்டும்போது போய்விடும். மூலைக்கு வெளியே இரண்டடி தள்ளி முளையடித்து நூலை நீட்டிக் கட்ட வேண்டும். தோண்டும்போது நூலைக் கழற்றிக்கொண்டு பிறகு அதே இடத்தில் மாட்டலாம். தரை மட்டத்தைப் பார்க்க ரசமட்டத்தைவிட, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயே நம்பகமானது. குழாய்க்குள் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் இருபதடி தொலைவிலும் அது பொய் சொல்லாது.

குழாயும் கலவையும்

குடிலின் காலையே கான்கிரீட்டில் புதைப்பது ஒரு முறை. அதைவிடச் சிறந்தது, மூன்றடி நீளமுள்ள அடித்தளக் குழாயைத் தனியாகப் புதைத்து, அது தரைக்கு மேல் அரையடிக்குக் குறையாமல் நிற்குமாறு விட்டு, குடிலின் காலை அதனுள் அல்லது அதன் மேல் செருகிக் குறுக்கே போல்ட் போடுவது. கால் துருப்பிடித்தால் கடைக்காலை உடைக்காமல் மாற்றலாம். மட்டத்தில் சிறு குறை இருந்தால் போல்ட் துளையை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். வழவழப்பான ஜிஐ குழாய் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வராமல் இருக்க, அதன் அடிப்பகுதியில் துளையிட்டு எட்டு அங்குல நீளமுள்ள 10 மில்லிமீட்டர் கம்பி இரண்டைக் கூட்டல் குறி போலக் கோத்துவிட வேண்டும். மிகச் சிறிய செலவு இது. இந்தக் கம்பிகள் இல்லாவிட்டால் கான்கிரீட் மண்ணிலேயே இருக்க, குழாய் மட்டும் கழன்று குடிலோடு போய்விடும்.

கான்கிரீட்டுக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு எம்-சாண்ட், மூன்று பங்கு முக்கால் ஜல்லி என்ற கலவை வலுவானது. ஓரடி வட்டக் குழிகள் எட்டுக்கு 16 கன அடி கான்கிரீட் தேவைப்படும்; நான்கு மூட்டை சிமெண்ட் போதும். ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் விடக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். கலவை குழியில் தானாக ஓடி இறங்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரை அள்ளி ஊற்றுவதே சிறு வேலைகளில் கான்கிரீட் பலமிழக்க முதற்காரணம். கெட்டியான கலவையைப் போட்டு, கம்பியால் நன்றாகக் குத்திக் காற்றை வெளியேற்றுவதே முறை. கரையோரங்களில் உப்புக் கிணற்று நீரைக் கலவைக்குத் தொடவே கூடாது. உள்ளேயிருக்கும் குழாயையும் கம்பியையும் அது அரித்துவிடும்.

குழியின் அடியில் நான்கு அங்குலம் கான்கிரீட் போட்ட பிறகே குழாயை நிறுத்த வேண்டும். குழாயின் அடி நேராக மண்ணில் பட்டால் ஈரம் ஏறும். முதலில் நான்கு மூலைக் குழாய்களையும் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, முட்டுக் கொடுத்து, கான்கிரீட் போட வேண்டும். அவை இறுகிய பின் தலைக்குத் தலை நூல் கட்டி இடைக்குழாய்களை அதற்கு இசைய நிறுத்தலாம். எட்டையும் ஒரே நாளில் அவசரமாக முடித்தால் ஏதாவது ஒன்று அசைந்துவிடும்.

கான்கிரீட்டின் மேல்பகுதி தரைமட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே வந்து, குழாயிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக முடிய வேண்டும். காற்றும் ஈரமும் மாறி மாறிப் படும் தரைமட்டத்தில்தான் ஜிஐ குழாய் முதலில் துருப்பிடிக்கும். குழாய் கான்கிரீட்டை விட்டு வெளிவரும் அந்த இடத்தில் மேலும் கீழுமாக நான்கு அங்குலத்துக்குத் தார்ப்பூச்சு பூசிவிட்டால் குடிலின் ஆயுள் பல ஆண்டுகள் கூடும்.

சவுக்கு, மூங்கில் கால்களில் குடில் அமைப்போர் அவற்றை மண்ணில் நேரடியாக நடுவதைத் தவிர்க்க வேண்டும். கரையான் ஒரு பக்கம், ஈர மண்ணின் மக்கல் மறுபக்கம் என்று தரையோடு தரையாக மரம் அரிக்கப்பட்டுவிடும். மரத்தைக் கான்கிரீட்டுக்குள் புதைப்பதும் பயன் தராது. உள்ளே சிக்கிய நீர் வடிய வழியின்றி மரம் இன்னும் விரைவாக மக்கும். கான்கிரீட்டில் இரும்புப் பட்டைகளைப் பதித்து, தரைக்கு மேல் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, மரக்காலை அப்பட்டைகளுக்கு நடுவே போல்ட் போட்டு நிறுத்துவதே நீடிக்கும்.

கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் விட வேண்டும். சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாள், இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பொசோலானா வகைக்குப் பத்து நாள். அதன் பிறகு சட்டத்தை ஏற்றலாம். விரிப்பை மாட்டுவதற்கு இன்னும் இரண்டு வாரம் பொறுப்பது நல்லது, ஏனென்றால் காற்றின் இழுவை விரிப்பு ஏறிய பிறகுதான் தொடங்குகிறது.

விரிப்பின் கீழ்விளிம்பும் கடைக்காலின் ஒரு பகுதியே. குடிலைச் சுற்றி ஓரடி ஆழச் சால் எடுத்து, விளிம்பை அதற்குள் இறக்கி, மண் போட்டு இடித்துவிட்டால் அடிவழியே காற்று நுழையாது; எலியும் எளிதில் நுழையாது.

கண்ணாடிக் குடில்

கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ பதித்த குடிலுக்குக் கணக்கு மாறுகிறது. நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ. பத்துக்கு இருபது குடிலில் கண்ணாடி மட்டுமே அரை டன்னைத் தாண்டும். எடையைவிட அதன் வளையாத குணமே பெரிய சவால். பாலித்தீன் குடிலில் ஒரு கால் கால் அங்குலம் இறங்கினால் யாருக்கும் தெரியாது. கண்ணாடிக் குடிலில் அதே இறக்கத்துக்குச் சட்டம் முறுக்கிக்கொண்டு கண்ணாடி விரிசல் விடும். ஆகவே இங்கே தனித்தனிக் குழிகள் போதாது. சுற்றிலும் தொடர்ச்சியான கடைக்கால் வேண்டும்.

ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு வானம் தோண்டி, அடியை நனைத்துத் திமிசு போட்டு, ஒன்றரை ஜல்லி கொண்டு அரையடிக்குக் கம்பியில்லாத கான்கிரீட் (பிசிசி) போட வேண்டும். அதன் மேல் கருங்கல் கட்டு. தரைக்கு மேல் ஓரடி உயரத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். சுவரின் தலையில் ஒன்பதுக்கு ஆறு அங்குலத்தில், 10 மில்லிமீட்டர் கம்பி நான்கு ஓடும் பெல்ட் கான்கிரீட். அறுபது அடிச் சுற்றளவுக்கு இந்த பெல்ட் மட்டுமே ஒன்றரை டன் எடை இருக்கும். பெல்ட்டின் கம்பிகள் மூலைகளில் வெட்டுப்படாமல் வளைந்து தொடர வேண்டும். கீழ்க்கம்பியைக் கொக்கியால் பற்றும்படி 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட்டுகளை மூன்றடிக்கு ஒன்றாகவும், ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஓரடிக்குள் ஒன்றாகவும் கலவை ஈரமாக இருக்கும்போதே பதிக்க வேண்டும். இறுகிய பின் துளைபோட்டுச் செருகும் போல்ட்டுகள் ஆறு அங்குல பெல்ட்டின் விளிம்பை உடைக்க வாய்ப்பு உண்டு. கதவு வரும் இடத்தில் பெல்ட்டை அறுத்துவிடாமல் தரைமட்டத்துக்கு இறக்கித் தொடரச் செய்தால், தள்ளுவண்டியும் தடையின்றி உள்ளே போகும்.

உள்ளே தரை முழுவதும் கான்கிரீட் போட வேண்டியதில்லை. பாத்திக்கு மண் வேண்டும். பாய்ச்சிய நீர் கீழே இறங்க வழி வேண்டும். நடைபாதைக்குக் களைத்தடுப்பு விரிப்பின் மேல் மூன்று அங்குலம் ஜல்லி பரப்பினால் போதும்.

மழைநீரும் சரிவும்

200 சதுர அடிக் கூரையில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,860 லிட்டர் தண்ணீர் இறங்கும். அது இரு பக்கமும் கால்கள் வரிசையாக நிற்கும் கோட்டில்தான் விழுகிறது. நாளடைவில் மண்ணை அறுத்துக் கான்கிரீட்டின் தோள்களை வெளியே காட்டிவிடும். மண் போனால் பிடிமானமும் போகும். விழும் இடத்தில் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பிய கால்வாயை நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் எடுத்து நீரை அப்புறப்படுத்த வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்குக் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு வீட்டில் இருக்கும். கால்வாயை அதோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

உதகை, கொடைக்கானல் போன்ற மலைச் சரிவுகளில் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் கொட்டித் தளம் சமன்செய்வார்கள். குடிலின் பாதிக் கால்கள் வெட்டிய கெட்டித் தரையிலும் மீதி கொட்டிய மண்ணிலும் நின்றால் முதல் மழைக்காலத்திலேயே ஒரு பக்கம் இறங்கும். தளம் முழுவதையும் வெட்டிய தரையிலேயே அமைக்க வேண்டும். முடியாவிட்டால் கொட்டிய பக்கத்துக் குழிகள் பழைய தரையைத் தொடும்வரை ஆழம் போக வேண்டும். மேற்பக்கத் தடுப்புச் சுவரில் நீர் கசிய ஓட்டைகள் கட்டாயம். மலைப்பகுதிகளில் மண் வெட்டுவதற்குத் தனி விதிகள் இருப்பதால் உள்ளாட்சி அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உதகையின் உறைபனி புல்லின் மேல் படிவதோடு நின்றுவிடுவதால் கடைக்காலை அது பாதிப்பதில்லை. டொரண்டோ, மார்க்கம் பகுதிகளில் வீட்டுத் தோட்டம் போடும் தமிழர்களுக்கு நிலைமை வேறு. அங்கே குளிர்காலத்தில் நிலமே உறைந்து, மண்ணிலுள்ள நீர் பனிக்கட்டிப் படலங்களாகப் பருத்துக் கடைக்காலை மேலே தள்ளும். அதனால் கடைக்காலின் அடி நான்கடி ஆழத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பக்கங்களும் பனி பற்றிக்கொள்ளாதபடி வழவழப்பாக அமைய வேண்டும்.

மொட்டை மாடியில் குடில் அமைப்போர் தளத்தைத் துளைத்து போல்ட் போடுவதைத் தவிர்க்க வேண்டும். நீர்க்கசிவு அங்கிருந்துதான் தொடங்கும். கால்களை கான்கிரீட் கட்டைகளில் பதித்து, அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் குழாயால் பிணைத்து, தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலே வருமாறு வைப்பதே வழி. மாடியில் காற்று தரையைவிட வேகமாக அடிப்பதால் குடிலின் உயரத்தை ஏழடிக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கைப்பிடிச் சுவரில் கட்டி நிறுத்துவது கூடாது, அது அத்தகைய இழுவைக்காகக் கட்டப்பட்டதல்ல.

ஆண்டுக்கு இருமுறை, காற்றுக்காலம் தொடங்கும் முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும், கால்களைச் சுற்றி வந்து பார்ப்பது போதுமான பராமரிப்பு. கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விட்டிருந்தால் கிராவல் போட்டு இடிக்க வேண்டும். தளர்ந்த போல்ட்டை முடுக்க வேண்டும். தார்ப்பூச்சு உரிந்த இடத்தைச் சுரண்டி மறுபடி பூச வேண்டும். மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை விரிப்பு மாற்றும் நாளில் குடில் வெறும் சட்டமாக நிற்கும். ஒவ்வொரு காலையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க அதுவே ஏற்ற தருணம். ஏதேனும் ஒரு கால் அசைந்தால் அதன் குழியை ஒரு பக்கம் திறந்து, கான்கிரீட் உடைந்திருக்கிறதா அல்லது மண் மட்டும் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்த பிறகே புதிய விரிப்பை ஏற்ற வேண்டும்.